இருநூற்றுப் பதினான்கு பிரேம்கள்

எல் ஆல்ட்டோவில் ஞாயிறு, மதியம் மூன்று மணி.
மினிபஸ் ஓட்டுநர் சங்கத்தின் லீக் ஆட்டம்.
மைதானத்து ஓரம் தகரக் கொட்டகை,
அதற்குள் நானும் என் கணினியும்
இரவல் வாங்கிய கேமராவும்.

எழுபத்தொன்றாம் நிமிடம்
பந்து எதிரணிக்காரன் காலில் இருந்தது.
பிறகு வலைக்குள் இருந்தது.
இடையில் நடந்ததை
நேரலையில் ஒருவரும் பார்க்கவில்லை.

பாய்ந்த கோல்கீப்பர் சத்தூர்னினோ
பாய்ந்தபடியே நின்றார் திரையில்,
கொடியில் காயப்போட்ட சட்டை மாதிரி.
புவெனஸ் ஐரிஸில் தையல் மிஷினை நிறுத்திவிட்டுப்
பார்த்துக்கொண்டிருந்த தங்கை எவுலாலியா எழுதினாள்:
“அண்ணன் ஏன் இன்னும் இறங்கவில்லை?”

ஆஃப்சைடு என்றார்கள் நம்மவர்கள்.
பதிவைப் போட்டுக் காட்டு என்றார்கள் அவர்கள்.
பதிவா?
உறைந்துபோன கணினியை நான்தான்
பவர் பட்டனை அழுத்திப் பிடித்துக் கொன்றிருந்தேன்.
எம்பி4 கோப்பு, பதினொரு ஜிபி,
முடிக்காமல் விட்ட வாக்கியம்;
எந்தப் பிளேயரும் அதைப் படிக்க மறுத்தது.
நடுவர் விசிலைத் துடைத்துக்கொண்டார். கோல் என்றார்.

அன்றிரவு விசாரணை.
முதல் பழி இணையத்தின் மேல்,
எப்போதும் கைக்கு எட்டுவது அதுதானே.
ஆறாயிரத்தில் இருந்த பிட்ரேட்டை
இரண்டாயிரத்து ஐந்நூறாக இறக்கினேன்;
முகங்களெல்லாம் பிசைந்த மாவானதுதான் மிச்சம்.
வைஃபையை விட்டுக் கேபிள்.
கேபிளை விட்டு மச்சான் எடில்பெர்த்தோவின் போன்.
பிரவுசரில் திறந்து கிடந்த பத்தொன்பது டேப்களையும் மூடினேன்.
அதில் ஒன்று, கணினி மெதுவாக ஓடுவது ஏன் என்பது.

பிறகுதான் கண்ணில் பட்டன
மூலையில், பொடி எழுத்தில், இரண்டு வரிகள்:
நெட்வொர்க்கில் தொலைந்த பிரேம் பூஜ்யம்.
என்கோடரில் தவறிய பிரேம் இருநூற்றுப் பதினான்கு.

வழியில் யாரும் திருடவில்லை.
அவை வீட்டைவிட்டே கிளம்பவில்லை.

சோதனைக்கு ஓடவிட்டேன்.
எண்பது டிகிரி, தொண்ணூறு, தொண்ணூற்றெட்டு.
அங்கே பிராசசர்
தன் வேகத்தைத் தானே பாதியாக்கிக்கொண்டது.
விசிறி பேய்போல்தான் சுற்றுகிறது, ஆனால்
நாலாயிரம் மீட்டர் உயரத்தில்
அது தள்ளக் காற்று வேண்டாமா?
கடல் மட்டத்தில் கணக்குப் போட்டுச் செய்த விசிறி.
பள்ளத்து ஊர்களிலிருந்து வரும் அணிகள்
பத்தே நிமிடத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிவார்களே,
அதே திணறல்.
சிரித்தேன். அப்புறம் அதனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன்.
உள்ளே அல்பாக்கா கம்பளி இழை,
கொட்டகைப் புழுதியோடு திரிந்து ஒரு சாம்பல் எலியாக.
என்கோடிங்கைக் கிராபிக்ஸ் கார்டின் தலையில் கட்டினேன்.
பதிவை எம்கேவிக்கு மாற்றினேன்:
பாதியில் செத்தாலும் அதுவரை எடுத்தது மிஞ்சும்.
கொட்டகைக் கூரைமேல் ஈரச் சாக்கு.

அடுத்த ஞாயிறு
தவறிய பிரேம் பூஜ்யம். வெப்பம் எழுபத்தொன்று.
பூட்ஸ் கிளப்பிய மண்கூடத்
துகள் துகளாகத் தெரிந்தது.

சத்தூர்னினோ மூன்று கோல் விட்டார்.
மூன்றும் துல்லியம்.
மூன்றாவது, கால்களுக்கு நடுவே.

எவுலாலியா வெகுநேரம் ஒன்றும் எழுதவில்லை.
பிறகு,
“போன வாரம் நன்றாக இருந்தது.”