பன்னிரண்டு அவித்த முட்டைகள்

இரவு ஒன்பதரைக்கு நிப்றாஸ் எடுத்தார்.
"தங்கச்சி, குறை நினைக்காதீங்க" என்று அவர் தொடங்க
அடுப்பில் முட்டை கொதித்துக்கொண்டிருந்தது.
மகளுக்கு நாள் முந்திவிட்டதாம்.
வேன் மட்டக்களப்பு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறதாம்.
விடிய நாலு மணிக்கு எங்களை நுவரெலியாவுக்கு ஏற்ற
வண்டியும் இல்லை, அவரும் இல்லை.
பின்னால் யாரோ ஓதுகிற சத்தம்.
கோபப்பட இடமே வைக்காத காரணம்.

"புள்ளயப் பாருங்க நானா, நாங்க பிறகு போறம்."
சொன்னது என் வாய்தான்.
நான் முட்டைகளை எண்ணிக்கொண்டு நின்றேன்.
பன்னிரண்டு.
அவித்ததைத் திரும்பப் பச்சையாக்க ஏலாது.

கதிரையில் நாலு சுவெட்டர், எல்லாம் இரவல்.
இரண்டு இங்கிலீசு ரீச்சருடையவை.
ஒன்று சுவிஸ் மச்சாள் விட்டுவிட்டுப் போனது,
கரடித் தோல் மாதிரி.
வாழைச்சேனையில் ஓகஸ்ட் மாதம் அதைத் தொட்டாலே
உள்ளங்கை வேர்க்கும்.
வெளியே கச்சான் காற்று
புழுதியை அள்ளி அள்ளிப் படிக்கட்டில் கொட்டியது.

அவர் சொன்னார், "அடுத்த வருசம் பாப்பம்."
தண்ணீர் பில்லை லாச்சிக்குள் போடுவதுபோலச் சொல்லிவிட்டு
மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.
நான் படுக்கவில்லை.
இந்த வீட்டில் எது முறிந்தாலும்
"அம்மா சமாளிப்பா" என்பார்கள்.
அம்மாவும் பதினொரு வருசமாக
ஒரு குளிரைப் பார்க்கக் காத்திருந்தாள் என்பது
ஒருவர் கணக்கிலும் இல்லை.

மூன்றரைக்கே பிள்ளைகள் எழும்பிவிட்டார்கள்.
லவகீசன் தன் பட்டியலை மடித்து மடித்து
தீப்பெட்டி அளவாக்கினான்.
அதில் முதலாவது, மகாஓயா சுடுதண்ணிக் கிணறு, பத்து நிமிசம்.
கடைசியாக, பனிமூட்டம், எவ்வளவு நேரமும்.
யாகவி அழவில்லை.
சுவெட்டரைப் போட்டுக்கொண்டு
முற்றத்து வெயிலில் போய்க் குந்தினாள்.
"கழட்ட மாட்டன். குளிர் வரும் மட்டும்."

ஒன்பது மணியாகியும் குந்தியிருந்தாள்.
நெற்றி மயிர் நனைந்து ஒட்டியிருந்தது.
அப்போதுதான் தம்பிக்கு எடுத்தேன்.
அவன் துறைமுகத்து ஐஸ் பக்டரியில் வேலை.
"உனக்கென்ன பைத்தியமாக்கா?" என்றான் சுகிர்தன்.
கொஞ்சம் பொறுத்து,
"பத்தரைக்குப் பிறகு வா. முதலாளி இருக்கமாட்டார்."

ஒரே ஓட்டோவில் நாலு பேர், நாலு சுவெட்டர்.
அவர் காதை மூடித் துவாய் கட்டியிருந்தார்,
யாரும் அடையாளம் காணக்கூடாதாம்.
சூரை மீன் விற்றவள்
தராசைத் தூக்கிப் பிடித்தபடியே
எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தம்பி கதவை இழுத்தான்.
வெள்ளையாய்ப் புகை வந்து முழங்காலைக் கட்டியது.
உள்ளே ஆளுயரத்துக்கு ஐஸ் கட்டிகள்,
நிலத்தில் உமி, மீன் செதில்,
மேலே அழுதுவடிகிற ஒற்றை பல்ப்.
"அம்மா, எனக்கு வாயால புகை வருது!"
யாகவி ஊதினாள், இன்னும் ஊதினாள்,
தகப்பனின் முகத்தில் போய் ஊதினாள்.
லவகீசன் தீப்பெட்டியை விரித்து
கடைசி வரியில் மட்டும் சரி போட்டான்.
விரல் விறைத்து, சரி கோணலாய்ப் போனது.

ஏழு நிமிசத்துக்கு மேல் நிற்க முடியவில்லை.
வாசலில் குந்தி முட்டை உரித்தோம்.
ஐஸ் உடைக்கிற பெடியன்கள் மூன்று பேர்
ஆளுக்கொன்று வாங்கி
உப்புக் கேட்டார்கள்.
உப்பை நான் வீட்டில் விட்டுவிட்டேன்.
ஒருவன் சிரித்தான்: "கடல் பக்கத்திலதானே அக்கா."

பின்னேரம் நிப்றாஸ் மறுபடி எடுத்தார்.
பெண் குழந்தை, இரண்டரைக் கிலோ.
"நாளைக்கு விடிய வரட்டா தங்கச்சி?"
அவர் குரலில் நித்திரை தள்ளாடியது.
"படுங்க நானா. புதன்கிழமை பாப்பம்" என்றேன்.
புதன்கிழமை லீவு கிடைக்குமோ தெரியாது.
முட்டையும் முடிந்துவிட்டது.

இரண்டு தரம் கழுவிக் காயப்போட்டேன்.
கச்சானில் அரை மணித்தியாலத்தில் காய்ந்துவிட்டன.
முகர்ந்து பார்த்தால்
ரீச்சரின் நீலச் சுவெட்டரில்
இன்னும் அறக்குளா வாசம்.
நுவரெலியா எப்படி என்று
அவ கேட்கத்தான் போகிறா.