திரும்பி வந்த வில்லை

சேதராப்பட்டு, இரண்டாம் ஷிப்ட்.
சுக்கு நிறத்தில் வில்லைகள்,
இரு முகத்திலும் வெள்ளிப் பூச்சு.
ஒவ்வொன்றையும் கிள்ளிப் பார்ப்பது என் வேலை.
கிள்ளுவது கருவிதான். நொடிக்கு நூற்றுப்பத்து முறை,
கத்தரிக்காய் முற்றலா என்று
சந்தையில் அழுத்துவோமே, அதைவிட மெல்ல.
வில்லை பதிலுக்கு மின்னைத் தரும்,
திரையில் எண்ணாக விழும்.
நானூறு என்றால் பச்சைத் தட்டு.
முந்நூற்றைம்பதுக்குக் கீழே சிவப்பு.

நேற்று ஒன்று கடலூர் முதுநகரிலிருந்து திரும்பி வந்தது.
விசைப்படகின் அடிவயிற்றில் ஆழம் கேட்டுக்கொண்டிருந்தது,
இரண்டு வருடம்.
கூடவே ஒரு சீட்டு:
'மீனும் தெரியல தரையும் தெரியல. அஞ்சப்பன்.'
விரிசல் இல்லை. வெள்ளி உரியவில்லை.
நடுவில் முந்நூற்றுத் தொண்ணூறு.
ஓர் ஓரத்தில் முந்நூற்றெழுபது.
எதிர் ஓரத்தில்
நாற்பத்தொன்று.

உள்ளே எப்படி என்றால்:
எட்டு மூலையிலும் ஈயம்,
ஆறு முகத்திலும் ஆக்சிஜன்,
நடுவில் ஒரு டைட்டானியம் அல்லது சிர்க்கோனியம்.
நடுவில் என்பது பேச்சுக்கு.
சூடு ஆறும்போதே அது ஒரு பக்கம் நகர்ந்துவிடும்.
அந்தச் சிறு கோணலில்தான் எங்கள் கம்பெனி ஓடுகிறது.
கோணல்கள் தனியாக இருப்பதில்லை,
அண்டை அயல் சேர்ந்து பேட்டை பேட்டையாகச் சாயும்.
ஒரு பேட்டை கிழக்கே, இன்னொன்று மேலே,
கூட்டினால் ஒன்றுமில்லை.
கொதிக்கும் எண்ணெயில் போட்டு
மில்லிமீட்டருக்கு மூவாயிரம் வோல்ட் கொடுத்தபின்தான்
பெரும்பாலும் ஒரு திசைக்கு வரும்.
எல்லாம் வராது.

வந்த பிறகு, அழுத்தினால்
உள்ளே கோணல்கள் மயிரிழையில் ஆயிரத்தில் ஒன்றுகூட அசையாது,
ஆனால் எல்லாம் சேர்ந்து அசையும்.
வெள்ளியில் மின் கசியும்.
அதிகமாக அழுத்தினால்
நின்ற பேட்டைகள் பக்கவாட்டில் படுக்கும்.
கையை எடுத்தாலும் சில
எழுவதில்லை.

சுத்தியலா என்று போன் போட்டேன்.
"இல்லம்மா. தடைக்காலத்துல கரையில ஏத்தி வெச்சோம்."
கட்டை எங்கே கொடுத்தீர்கள்?
வெகுநேரம் காற்று இரைந்தது.
"அது மேலதான் போல."

அறுபத்தொரு நாள்.
படகின் பாரம், ஒரு ஓரத்தில்.

வேலையில் சேர்ந்த வாரம் சந்தியாகு சார் காட்டியது:
வில்லை மேல் ஒரு கிலோ படிக்கல்.
முள் துள்ளியது, பிறகு மெதுவாகப் பூஜ்யத்துக்குப் போய்விட்டது.
கல் அங்கேயேதான் இருந்தது.
கல்லை எடுத்தார். முள் மறுபக்கம் துள்ளியது.
"மாறுனாதான் சொல்லும். இருந்தா சொல்லாது."

படகை இறக்கிய கணத்தில் இதுவும் ஒருமுறை கத்தியிருக்கும்.
கருவியை யாரும் போட்டிருக்கவில்லை.
அதன்பின் பூஜ்யம்,
படுக்கிற ஒவ்வொரு பேட்டையும்
முனகும் அளவுக்குக்கூட இல்லாமல்.

மறுபடி எண்ணெய். மறுபடி வோல்ட்.
உடனே அளக்கக் கூடாது, முதல் நாள் சரிவு அதிகம்.
பிறகு, ஒன்றிலிருந்து பத்தாம் நாள் வரை இழப்பதும்
பத்திலிருந்து நூறு வரை இழப்பதும் ஒன்றே,
அப்படித் தயங்கித் தயங்கித்தான் மறக்கும்.
அலுமினியத் தாளில் சுற்றி வைத்தேன்.
சுற்றாமல் விட்டால், ஆறும்போதே மின் சேர்ந்து
தொடுகிற விரலைச் சுண்டும்.

இன்று மாலை: முந்நூற்று முப்பது.
புது வில்லை என்றால் சிவப்பு.
தையல்நாயகி எட்டிப் பார்த்து, போகட்டும் என்றாள்.
"படகுக்கு இது கேக்கும்" என்றார் சார்.
சீட்டின் பின்பக்கம் எழுதினேன்:
அடுத்த முறை கட்டையை ஒரு முழம் தள்ளி வையுங்கள்.

ஆறு வருடமாக நின்றே வேலை.
குதிகால் வலி போய்விட்டது என்றுதான்
எல்லோரிடமும் சொல்லி வந்தேன்.
பஸ்ஸில் இன்று இடம் கிடைத்தது.
பத்துக்கண்ணில் இறங்க
எழுந்தேன்.
கம்பியைப் பிடித்தபடி
அரை நிமிடம் அப்படியே நின்றேன்.
கண்டக்டர் விசில் ஊதவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார்.