நாற்பத்திரண்டு டிகிரி

பதினெட்டு வருடமாகப் பிணங்களுக்கு வேலை பார்க்கிறேன்.
அதுவரை என் வாடிக்கையாளர் எவரும்
பூ சரியில்லை என்று சொன்னதில்லை.

"லில்லி வேண்டாம், தும்மல் வரும்"
என்றாள் மிசாவோ. வயது எண்பத்தொன்று.
முரோரானில், இரும்பாலையின் பின்தெருவில்
பொதுக் குளியலகம் நடத்தியவள்.
கொதிகலன் விரிசல் விட்ட மாதம்
தனக்கும் காரியத்தை முடித்துவிடலாம் என்று
பனியில் நடந்தே எங்கள் கடைக்கு வந்தாள்,
முன்பணத்தோடு.

வற்றிய தொட்டிக்குள் உட்காரவைத்தோம் வந்தவர்களை.
நீலச் சில்லுத் தரையில் மெத்தைகள்,
சுவரில் பாதி உரிந்த ஃபுஜி மலை.
ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்ற தடுப்பு
அப்படியே நின்றதால்
பாதிப் பேர் குரலாக மட்டும் வந்திருந்தார்கள்.
கறுப்பு நாடா கட்டிய வெற்றுச் சட்டகத்தின் பின்னால்
அவளே உட்கார்ந்து
முள்ளங்கி ஊறுகாய் கடித்துக்கொண்டிருந்தாள்.

மீன்கடைக்காரர் அழுதார்.
தபால்காரர் பாட வந்து வரி மறந்து சிரித்தார்.
வார்டுத் தலைவர் ஒகிட்சு காகிதத்தைப் பிரித்து
"வாசலுக்கு வந்த யாரையும்
இந்த அம்மையார் திருப்பியனுப்பியதில்லை" என்றபோது
சட்டகத்திலிருந்து படம் பேசியது:

"அனுப்பினேன்."

ஒகிட்சு காகிதத்தை மறுபடி பார்த்தார்,
பதில் அதில் இருக்கும் என்பதுபோல.

"உலைத் தீயில் தோளும் கழுத்தும் வெந்த பெண்.
கையில் சோப்புப் பெட்டி, கூட ஒரு பிள்ளை.
மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள் என்றேன்.
அன்று உள்ளே யாருமே இல்லை.
சுளித்தது நான்தான்."

செத்தவர் பேசினால் என்ன செய்வது என்று
எங்கள் கையேட்டில் இல்லை.
ஊதுவத்தியை நிமிர்த்தினேன்.
அது நேராகத்தான் இருந்தது.

தடுப்புக்கு அப்பால் ஒரு குரல்:
"அந்தப் பிள்ளை நான்.
அம்மா போய்ப் பதினோரு வருடம்.
சொல்வீர்களா என்று பார்க்கத்தான் வந்தேன்."

மிசாவோ எழுந்தாள், சட்டகம் சரிந்தது,
நான் அதைப் பிடிப்பதற்குள்
காலணிப் பெட்டியின் மரக்கதவு சாத்தும் சத்தம்.

மொய் உறைகளில் ஒன்றில் மட்டும் பெயர் இல்லை.
பிரித்தோம். சில்லறை.
அந்தக் காலக் கட்டணம்:
பெரியவர் ஒன்று, சிறுவர் ஒன்று.
அவள் அதை எண்ணவில்லை.
எண்ணாமலே தெரிந்துவிட்டது.

இரண்டு குளிர்காலம் கழித்து நிஜமாகவே கூப்பிட்டார்கள்.
சாவுக் குளியலுக்குத் தண்ணீர் தலைகீழ்:
முதலில் பச்சைத் தண்ணீர், அதில் சுடுநீர்.
வெதுவெதுப்பு போதும் என்பது முறை.
"எனக்கு நாற்பத்திரண்டு இருக்கணும்" என்று
முதல் சாவிலேயே சொல்லிவைத்திருந்தாள்.
வெப்பமானி போட்டுப் பார்த்தேன்.
கழுத்தையும் தோளையும் கடைசியாகக் கழுவினேன், மெதுவாக.
ஒரு தழும்பும் இல்லாத தோல்.

கோயிலில் கூட்டம் குறைவு.
முன்பே அழுதுவிட்டோமே என்றார் மீன்கடைக்காரர்.
ஒகிட்சு போய்விட்டிருந்தார்;
புதிய தலைவர் கையில் அதே காகிதம்.

"...யாரையும் திருப்பியனுப்பியதில்லை."

நான் பெட்டியைப் பார்த்தேன்.
கொஞ்சம் பொறுத்தேன்.
அவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.