ரேவல்சின்னி, ஐம்பது கிராம்

விளக்குத்தூணுக்குப் பக்கம், கீழமாசி வீதியில்,
வசம்பும் சுக்கும் மூக்கை அடைக்கும் கடையில்
ஐந்து பேருக்குப் பின்னால் நின்று
"ரேவல்சின்னி, அம்பது" என்றேன், மெதுவாக.
நாலு நாளாயிற்று. அதைச் சொல்லவில்லை.
ஸ்கேன் சென்டரில் நைட் டூட்டி,
பகலில் மூன்று முறை தேறாத பரீட்சைக்குப் பழைய வினாத்தாள்,
நடுவில் பரோட்டா. வேறென்ன ஆகும்?

தவசிலிங்கம் சாக்கின் வாயை விரித்தார்.
அதே கிழங்கு.
வெட்டிய முகத்தில் அதே நட்சத்திரப் புள்ளிகள்,
நகத்தால் கீறினால் அதே மஞ்சள்.

செங்டுவில், ஐந்தாம் மாடி ஆய்வகத்தில்
இதற்குப் பெயர் தா-ஹுவாங். பெரிய மஞ்சள்.
பட்டப்பெயர் தளபதி:
உள்ளே நுழைந்தால் ஊரைக் காலி செய்துவிட்டுத்தான் அடங்குமாம்.
பச்சையாய்ப் போட்டால் பேதி.
அரிசி மதுவில் ஊறி அவிந்தால் கோபம் தணிந்து
கட்டிய ரத்தத்தை நகர்த்தும்.
கருக வறுத்தாலோ
ஒழுகும் ரத்தத்தை நிறுத்தும், அதே கிழங்கு.
ஒரே ஒரு பருவம் நடந்த பாடம். எண்பத்திரண்டு வாங்கினேன்.
இங்கே அதை யாரும் கேட்பதில்லை.

"பேருலயே சீனா இருக்கும்மா, சின்னின்னா அதான்"
என்றார் அவர். அப்படியா என்றேன்.
முள் கொஞ்சம் சாய, ஒரு துண்டை ஒடித்து எடுத்தார்.

"யாருக்கு?"
"எனக்குத்தான்."
"முழுகாம இல்லையே?"

ஜாதிக்காய் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்
பேச்சை நிறுத்தினார்.

கர்ப்பிணிக்கு ஆகாது: லியூ மேடம் பலகையில்
சிவப்பில் வட்டமிட்டதை
நோட்டில் இரண்டு கோடு போட்டு வைத்தவள் நான்.
தினமும் நாற்பது வயிற்றில் ஜெல் தடவி
"கடைசியாத் தலைக்கு ஊத்துனது எப்போ?" என்று
கேட்டு எழுதுவதுதான் என் சம்பளம்.
கருவியைப் பிடிப்பவர் வேறொருவர்.

என் தேதி...
எதிர்சேவைக்கு மறுநாள். தல்லாகுளம் நெரிசலில்
தோல்பைத் தண்ணீர் பட்டு நனைந்து வந்து
அடிவயிற்றைப் பிடித்துப் படுத்திருந்தேன்.
அப்புறம் வைகாசி முழுசாய்ப் போய்
ஆனியும் பிறந்துவிட்டது.

"இல்லை" என்று சொல்ல வாயெடுத்து
"தெரியலை" என்றேன்.

அவர் எதுவும் சொல்லவில்லை.
பொட்டலத்தை எடைக்கல்லுக்குப் பின்னால் தள்ளிவைத்து
"உலர் திராட்சை நூறு கட்டவா?" என்றார்.
ரெண்டுக்கும் காசு கொடுத்தேன்.
ஒன்றைத்தான் தந்தார். மிச்சம் சரியாக இருந்தது.

ஓசூரிலிருந்து அவன் போன், "சாப்ட்டியா?"
திராட்சையை மென்றபடியே "ம்" என்றேன்.
கட்டைவிரல் நகத்தில் மஞ்சள் இன்னும் போகவில்லை.

தெருமுனை மெடிக்கலில் எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர்.
அங்கே கேட்க வேண்டியதைச்
சத்தமாகவே கேட்டேன்.