நேற்றைய திகதி

கொட்டாஞ்சேனைச் சந்திக்குப் பக்கத்தில்
பிரதி ஒன்று பத்து ரூபா.
கடைக்காரர் ஏழு பக்கத்தையும் புரட்டிவிட்டு
"எலெக்சன் சாமானா?" என்றார்.
எட்டுக்கு இறங்கினார்.

ராத்திரி முழுக்க எங்களுக்குள் ஒரே சண்டை:
எந்த மாவட்டம் முதலில் வருவது?
அகரவரிசை என்றான் நுஸ்கி.
எந்த மொழியின் அகரம் என்றாள் சந்தமாலி,
மொனராகலையிலிருந்து பாதி வழி
நின்றுகொண்டே வந்தவள்.
அதற்குப் பிறகு கொஞ்ச நேரம்
மின்விசிறியைத் தவிர ஒருவரும் பேசவில்லை.

கடைசியில் தூரத்தை வைத்து எழுதினோம்.
பெட்டி அதிகம் பயணப்படும் ஊர் முதலில்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது.
நான் வோட்டுப் போடும் பள்ளிக்கூடத்திலிருந்து
எண்ணுகிற மண்டபத்துக்கு
ஒரு பிளேன்டீ ஆறும் நேரம்.
வழி நெடுகத் தெருவிளக்கு.
கொழும்பு பட்டியலின் அடியில் வந்தது,
பிறந்த ஊர் என்று நான் வாதாடவில்லை.

டெலக்சனின் தீவில் பெட்டி முதலில் படகேற வேண்டும்.
போன முறை சீல் வைத்த அரக்கில் உப்புத்தண்ணி.
யாரும் எழுதிக்கொள்ளவில்லை என்று
அவன் சொன்னதை எழுதிக்கொண்டேன்.

சந்தமாலியின் பாதையில் யானை நிற்கும்.
யானை நின்றால் வேன் நிற்கும்.
சாரதி லைட்டை அணைப்பார்.
நாற்பது நிமிட இருட்டு,
எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டமில்லை.
"களவு நடந்தது என்று நான் சொல்லவில்லை,
நடந்தால் தெரியவராது என்கிறேன்."
மூன்று மொழியிலும் இதைப் போடச் சொன்னாள்.

நுஸ்கியின் வீடு புத்தளத்தில்,
வோட்டு வாப்பா பிறந்த முசலியில்.
விடியற்காலை பஸ்ஸுக்கு யார் காசு கொடுத்தது என்று
ஒவ்வொரு முறையும் கேட்பார்களாம்.
சொந்தக் காசு என்றால் சிரிப்பார்களாம்.

பொகவந்தலாவை யோகசீலிக்கு வேறு கணக்கு.
லயத்துக்கு இலக்கமில்லை.
பதினெட்டுக் குடும்பத்துக்கும் ஒரே விலாசம்.
தேருநர் இடாப்பில் அவளுடைய அம்மா
இரண்டு தடவை செத்திருக்கிறாள்.
செத்த வருசமும் கொழுந்தெடுத்தாள்,
மழை நாளில் அரைப்பேர் போட்டார்கள்.
சிரித்தோம்.
பிறகு இதையும் சேர்ப்பதா என்று யோசித்தோம்.
வேண்டாம், நம்பமாட்டாங்க என்றாள்.

பொரளையில் பஸ் மாறி ராஜகிரிய.
வாசலில் பையைத் திறந்து காட்டினோம்:
தண்ணீர்ப் போத்தல், பாண் பார்சல், ஒரு குடை,
மூன்று மொழியில் எங்கள் பயம்.
எந்தக் கட்சி?
கட்சி இல்லை.
அமைப்பின் பெயர் அவருடைய கொப்பிக் கோட்டுக்குள் அடங்கவில்லை.
'லமயி 5' என்று சிங்களத்தில் எழுதினார்.
சிறுவர் ஐந்து.
எங்களில் இளையவனுக்கு இருபத்தாறு.

உள்ளே நல்ல குளிர்.
மேசையிலிருந்த மிஸ் கடிதத்தை வாசிக்கவில்லை,
கசங்கிய மூலையை நகத்தால் நீவிவிட்டார்.
எங்கள் பிரதியிலும் முத்திரை குத்தித் தந்தார்.
பெற்றுக்கொள்ளப்பட்டது.
நேற்றைய திகதி.

நேற்று இந்தக் கடிதத்துக்கு
முதல் வரியே இருக்கவில்லை.
நேற்று யோகசீலி ஹட்டனில் பஸ்ஸுக்கு நின்றாள்.

"மிஸ், திகதி பிழை."
"ஒரு நாள்தானே."
வரிசையில் பின்னாலிருந்தவர் தொண்டையைச் செருமினார்.
யோகசீலி நகரவில்லை.
"எங்களுக்கும் ஒரு நாள்தான் மிஸ்,
அஞ்சு வருசத்துக்கு."

மிஸ் அவளை முதல் தடவையாகப் பார்த்தார்.
முத்திரையைக் கவிழ்த்து
பெருவிரலால் சின்னச் சில்லைத் திருப்பினார்,
இறுகிக் கிடந்தது, விரலெல்லாம் ஊதா மை.
பழையதுக்குப் பக்கத்தில் புதியது.
மடிக்க வேண்டாம், காயட்டும் என்றார்.

மேம்பாலத்தை நெருங்கும்போது
தூறல் பிடித்தது.
ஐந்து பேருக்கு ஒரு குடை.
டெலக்சன் விரித்தான்,
நான் பிடித்திருந்த தாளுக்கு மேலே.