எட்டுத் திருகாணி

நாரின் ஆஸ்பத்திரி ஜன்னலில்
பனி அப்பியிருக்கிறது.
தெமிர் என்று பெயர் வைத்தாள் அம்மா.
கிர்கிஸில் அதற்கு இரும்பு என்று பொருள்.
இரும்பு உள்ளே வர
நாற்பத்தோரு வயதாயிற்று.

"இரும்பில்லை, டைட்டானியம்" என்கிறார்
டாக்டர் பெர்மெத்,
படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி:
ஒரு தகடு, எட்டுத் திருகாணி,
நடுவே புகைபோல்
கூடத் தொடங்கிய எலும்பு.

உன்னைத் தள்ளிய குதிரையை
விற்றுவிடவா என்கிறான் தம்பி.
ஆற்றுப் பனிக்கட்டியில் சறுக்கியபோது
அதற்குக் கால் ஒடிந்திருந்தால்
அன்று சாயங்காலமே கறி.
யாரும் படமெடுத்துப் பார்த்திருக்கமாட்டார்கள்.

ஆறாம் வாரம்.
கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே
எடைபார்க்கும் தட்டில் காலை வைக்கச் சொல்கிறார்கள்.
பதினைந்து கிலோ, அதற்குமேல் கூடாது.
என் பாரத்தை என் காலுக்கே
சில்லறையாகக் கொடுக்கிறேன்.
முள் நடுங்குகிறது.
பதினாறு.
வெடுக்கென்று எடுத்துவிடுகிறேன்.

இரவில் குளிர் ஏறுவதைத்
தகடு எனக்கு முன்னால் தெரிந்துகொள்கிறது.

தம்பிக்கு ஃபோன் போட்டேன்.
வைக்கோல் போட்டாயா?
போட்டானாம்.
இடது முன்னங்காலை மட்டும்
ஊன்றாமல் நிற்கிறதாம்.

நிற்கட்டும்.
பனி உருகும்வரை
அதன்மேல் யாரும் ஏறவேண்டாம்.