சிவப்பு நாடா

குளிர்பெட்டியின் நடுத்தட்டில் நாடா ஒட்டினேன்,
சாலையைத் தோண்டுகிறவர்கள் சுற்றிக் கட்டுவார்களே,
அந்தச் சிவப்பு.
மேல்தட்டு வீட்டுக்கு.
கீழ்த்தட்டு உனக்கு, ராயேன்.
நாடாவுக்குப் பின்னே ஆறு பழச்சாறுப் பெட்டிகள்,
தம்பிக்கு மட்டும்.
அவனுக்குச் சர்க்கரை இறங்கும் நேரத்துக்கு.

மறுநாள் அதே நாடா
அவள் அறைக் கதவில் குறுக்கே கிடந்தது.
கீழே ஒரு தாள்:
அம்மாக்களுக்கு அனுமதி இல்லை.

பதினைந்து வயது.
புன்டா அரேனாஸின் காற்று மாதிரிதான்.
எந்தப் பக்கம் சாத்தினாலும்
வேறொரு சந்தில் விசிலடிப்பாள்.

மருத்துவமனைச் சலவைக்கூடத்திலிருந்து
பதினொன்றரைக்கு வருவேன், கையெல்லாம் சோப்பு வெடிப்பு.
பாலாடைக்கட்டி இருந்த இடத்தில் அதன் உறை.
மன்ஹார் பால்பாகுப் புட்டியில்
கரண்டி மட்டும் நின்றுகொண்டிருக்கும்.
நாளைக்கு வைத்த ரொட்டிகளில்
மென்மையான உள்சதையைத் தோண்டித் தின்றுவிட்டு
ஓடுகளைப் பத்திரமாக மூடி வைத்திருப்பாள்,
நண்டு தின்ற வீடு போல.

‘ஒரே வீடுதானே, அதுல என்ன உன்னது என்னது?’
கேள்வி நியாயம்தான்.
அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம்.

ஓயார்சூன் கடையில் பூட்டு கேட்டேன்.
‘சைக்கிளுக்கா?’
ஆமாம் என்றேன். எங்களிடம் சைக்கிள் கிடையாது.
சித்தி வீட்டில் வளர்ந்த நாலு வருஷம்
அலமாரிச் சாவி அவள் இடுப்பில் குலுங்கும் சத்தத்தை வைத்தே
நேரம் சொல்வேன்.
பூட்டு இன்னும் பையிலேயே இருக்கிறது,
ரசீதோடு.

ஜூலை. செவ்வாய் இரவு, மூன்று மணி.
நிக்கானோர் தலையணை நனைய வியர்த்திருந்தான்.
கருவியில் நாற்பத்தெட்டு.
நாடாவுக்குப் பின்னே கைவிட்டேன்.
பெட்டியில் கனமில்லை.
அடுத்ததிலும் இல்லை.
ஆறும் காலி.
குழல் குத்திய துளையைச் சுவர்ப்பக்கம் திருப்பி
ஒரே வரிசையாக, எவ்வளவு ஒழுங்கு!

சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து
கரண்டி கரண்டியாக.
முழுங்குடா. முழுங்கு. இன்னொன்று.
வாசலில் ராயேன், காலுறைகூட இல்லாமல்.
ஐம்பத்தொன்பது.
யாரும் பேசவில்லை.
எழுபத்து நான்கு.
‘ரொட்டி இருக்கா?’ என்று கேட்டான் தம்பி.

வாய் நிறையச் சொற்கள் வைத்திருந்தேன்,
வருஷக்கணக்கில் சேர்த்தவை.
அவள் பாதங்கள் நீலமாக இருந்தன.

‘கீழ்த்தட்டில் எதை வேணா எடு.
நடுராத்திரியானாலும் விளக்கைப் போட்டுக்கொண்டு சாப்பிடு.
எவ்வளவு என்று எண்ணமாட்டேன்.
நாடாவை மட்டும் தாண்டாதே.’

‘தெரியும். அவன் பெட்டின்னு தெரிஞ்சுதான் எடுத்தேன்.
நீ அதை மட்டும்தானே எண்ணுவே.’

கதவு சாத்தப்படவில்லை.
சாத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

காலையில் போய் ஆறு பெட்டி வாங்கி அடுக்கினேன்.
அன்று விடுமுறை சொல்லிவிட்டேன்.
சாயங்காலம் திறந்தபோது
பாலாடைக்கட்டி வழக்கம்போல் இல்லை.
நாடாவுக்குப் பின்னே ஏழு பெட்டிகள்.
ஏழாவது பேரிக்காய்ச் சாறு,
இந்த வீட்டில் ஒருவருக்கும் பிடிக்காத சுவை.
யாரும் திருடமாட்டார்கள்.

நான் எதுவும் கேட்கவில்லை.
தேநீர் வேளைக்கு மேசையில் உட்கார்ந்து
அவள் தட்டில் ரொட்டி வைத்தேன்,
சத்தமாக எண்ணிக்கொண்டே.
ஒண்ணு. ரெண்டு.
‘போதுமா?’

கைபேசியிலிருந்து தலை தூக்காமல் சொன்னாள்:
‘மூணு.’